பரிசலும் குறிப்பேடும்

(உரைநடை)

நுழையும்முன்

விடுமுறை நாளில் நண்பர்களுடன் வாடகைப் படகில் ஏறி ஆற்றில் மீன்பிடிக்கச் செல்வது இன்பமான பொழுதுபோக்கு. அவ்வாறு பொழுதுபோக்குக்காக ஆற்றுக்குச் சென்றோர் நாள்தோறும் எழுதி வைத்த சில வரிகள், அழிவின் விளிம்பில் நின்ற ஒரு மீனினத்தின் நிலையை உலகுக்கு உணர்த்தின. காவிரியில் நிகழ்ந்த அவ்வரலாற்றில் புனே மாவட்டத்திற்கும் பங்கு உண்டு. அதனை அறிவோம், வாருங்கள்!

முளா-முட்டா ஆற்றின் மீன்

புனே நகரின் நடுவே முளா, முட்டா என்னும் இரண்டு ஆறுகள் ஒன்றுசேர்கின்றன. அவை கூடும் இடத்தை ஊர்மக்கள் சங்கம் என்று அழைக்கின்றனர். அங்கிருந்து முளா-முட்டா என்னும் ஒரே பெயருடன் கிழக்கு நோக்கி ஓடும் ஆறு, பீமா ஆற்றில் கலக்கிறது. பீமா கிருஷ்ணையில் கலக்கிறது. கிருஷ்ணை வங்கக்கடலை அடைகிறது. நகரத்துப் பாலங்களைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவர் இவ்வாற்றை நாள்தோறும் காண்கின்றனர். கழிவுநீர் கலந்து கறுத்து ஓடும் இந்நீரில், தெளிந்த நீரை மட்டுமே விரும்பும் பெருமீன் ஒன்று முன்னர் வாழ்ந்தது என்றால் அவர்கள் வியப்படைவர்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றிய வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்பவர் தக்காணப் பகுதியின் விலங்குகளையும் பறவைகளையும் மீன்களையும் ஆராய்ந்தார். புனேவுக்குக் கிழக்கே முளா-முட்டா ஆற்றில் கிடைத்த ஒரு மீனை அவர் 1839ஆம் ஆண்டில் அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தார். அம்மீன் இன்று ‘டோர் குத்ரீ’ என்னும் அறிவியற்பெயரால் வழங்கப்படுகிறது. அறிவியல் நூல்களில் இம்மீனின் பெயர் வருமிடத்தில், அது முதன்முதலாக அறியப்பட்ட இடமாகப் புனேவின் ஆறே குறிக்கப்படுகிறது.

இது மகசீர் என்னும் மீன் தொகுதியைச் சேர்ந்தது. மகசீர்கள் கெண்டைக் குடும்பத்து மீன்கள். பாண்டியர் கொடியில் பொறிக்கப்பட்ட கயலும் இக்குடும்பத்தின் உறவே. ஆயினும் கயல் சிறியது. மகசீரோ ஆளுயரம் வளரவல்லது. அதன் செதில்கள் அகன்றவை, உதடுகள் தடித்தவை. வாயோரத்தில் இரண்டு இணை மீசைகள் உள்ளன. தாடையில் பல் இல்லை. தொண்டைக்குள் உள்ள வலிய பற்களால் நண்டையும் நத்தையையும் நொறுக்கி உண்ணும். பாறைகளின் இடையே விரைந்தோடும் தெளிந்த நீரே அதற்கு ஏற்ற வாழிடம். புனேவின் மகசீருக்குத் துடுப்புகள் நீலச்சாயல் கொண்டவை. ஆகவே அதனை நீலத்துடுப்பு மகசீர் என்பர்.

காவிரியின் பெருமீன்

காவிரியில் வேறொரு மகசீர் வாழ்ந்தது. அதன் முதுகு, காளையின் திமில் போலத் தலைக்குப் பின்னே உயர்ந்து நிற்கும். வாலும் துடுப்புகளும் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். அதனைத் திமில் மகசீர் என்பர். உலகில் காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் அன்றி வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. 1946ஆம் ஆண்டில், மைசூரில் வாழ்ந்த வான் இஞ்சன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் காவிரியின் துணையாறாகிய கபினியில் தூண்டிலால் பிடித்த மகசீரின் எடை ஏறத்தாழ 54 கிலோ. அது ஒரு வளர்ந்த மனிதரின் எடைக்கு நிகரானது.

இத்தகைய மீனைத் தூண்டிலால் வெல்வதைப் பெருமையாகக் கருதியோர் பலர். சென்னை மாகாணத்தில் அரசுப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டிலிடுதல் பற்றி 1873ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். அந்நூலில் மகசீருக்குத் தனியிடம் உண்டு. நாடு விடுதலை பெற்ற பின்னர் இப்பொழுதுபோக்கு குறைந்தது. ஆற்றுக்கு வேறு துன்பங்கள் வந்தன. வெடிமருந்தை நீரில் வீசி மீன்பிடிக்கும் கொடிய வழக்கம் பரவியது. ஒரு வெடியில் பெரிய மீன்களும் குஞ்சுகளும் ஒருசேர மாண்டன. காவிரியின் பெருமீன் மறைந்துபோயிற்று என்றே பலர் எண்ணினர்.

1970களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் சிலர் காவிரியில் தூண்டிலிட்டுப் பெரிய மகசீர்களைப் பிடித்தனர். பெருமீன் இன்னும் வாழ்கிறது என்னும் செய்தி பரவியது. 1972இல் தொடங்கப்பெற்ற தென்னிந்திய வனவுயிர்ச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் காக்கும் பொறுப்பை ஏற்றது. கருநாடக அரசின் சுற்றுலா நிறுவனமும் பீமேஸ்வரி, காலிபோர் முதலிய இடங்களில் முகாம்களை அமைத்தது. அர்க்காவதி ஆறு காவிரியில் கலக்கும் இடத்திற்கு அருகே, காட்டின் நடுவே உள்ளது காலிபோர். அர்க்காவதி கலக்கும் அவ்விடத்திற்கும் சங்கமம் என்றே பெயர்.

இம்முகாம்களில் ஒரு விதி கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டது. பிடித்த மகசீரை உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். முன்னர் வலையாலும் வெடியாலும் மீன்பிடித்த ஊரார் சிலர் இங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணிபெற்றனர். மீன் எந்த மடுவில் தங்கும், எப்பொழுது இரைதேடும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யாருமிலர்.

பரிசலில் ஒரு நாள்

தூண்டிலிடுவோர் பெரும்பாலும் நண்பர்களாகச் சேர்ந்தே வருவர். மழைக்கால வெள்ளம் வடிந்து ஆறு தெளிந்திருக்கும் தை முதல் பங்குனி வரையிலான திங்கள்களே அதற்கு ஏற்ற காலம். விடியற்காலையில் அவர்கள் கரைக்கு வருவர். அங்கே பரிசல் காத்திருக்கும்.

பரிசல் என்பது மூங்கிற் பிளாச்சுகளைக் கூடைபோல வட்டமாக முடைந்து செய்யும் படகு. முற்காலத்தில் அதன் அடிப்புறத்தைத் தோலால் போர்த்தினர். பிற்காலத்தில் நெகிழித்தாள் போர்த்தித் தார் பூசினர். அதற்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. எப்பக்கமும் திரும்பும். பாறையில் மோதினாலும் வளைந்து கொடுக்கும். காவிரியில் ஒகேனக்கல் வரையிலும், அதற்கு அப்பாலும் மக்கள் ஆற்றைக் கடக்க நெடுங்காலமாக நம்பியிருப்பது இப்பரிசலையே. நண்பர் இருவரும் ஒரு வழிகாட்டியும் பரிசலில் அமர்வர். வழிகாட்டி ஒற்றைத் துடுப்பைக் கொண்டு அதனைச் செலுத்துவார்.

இரை பெரும்பாலும் கேழ்வரகு உருண்டையே. கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கிளறி, இறுகப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவில் உருட்டித் தூண்டில் முள்ளைச் சுற்றிப் பொதிவர். விரைந்தோடும் நீரிலும் அது எளிதிற் கரையாது. சிறு மீனையும் நண்டையும் இரையாகக் கோப்பதும் உண்டு. பரிசல் பாறைகளுக்கு இடையே உள்ள மடுவை அடைந்ததும், ஒருவர் பரிசலிலிருந்தோ பாறைமேல் இறங்கி நின்றோ தூண்டிலை வீசுவார். பின்னர் யாரும் உரக்கப் பேசுவதில்லை. கரையோர நீர்மருத மரங்களில் மலையணில் தாவும். நீர்நாய்க் குடும்பம் ஒன்று பாறையைச் சுற்றி நீந்திச் செல்லும். எதிர்க்கரையில் யானைகள் நீருந்த வருவதும் உண்டு. முதலைகள் உள்ள ஆறாதலால் யாரும் நீரில் இறங்கி விளையாடுவதில்லை.

சில நாள்களில் மாலைவரை காத்திருந்தும் மீன் கிடைப்பதில்லை. சில நாள்களில் திடீரெனத் தூண்டிற்கோல் வில்லாக வளையும். உருளையில் சுற்றிய நரம்பு சரசரவென்று ஓடும். மகசீர் நீரோட்டத்தோடு கீழ்நோக்கிப் பாயும். பாறையில் உரசினால் நரம்பு அறுந்துவிடும். அவ்வேளையில் பரிசலே துணை. வழிகாட்டி பரிசலை மீனின் பின்னே செலுத்துவார். மீன் இழுக்க, பரிசல் சுழன்று செல்லும். நண்பருள் ஒருவர் கோலைப் பிடித்திருக்க, மற்றவர் பரிசலின் விளிம்பைப் பற்றிக்கொண்டு பாறை எங்குள்ளது என்று கூறுவார். நெடுநேரப் போராட்டத்திற்குப் பின்னர் மீன் களைத்துக் கரையோரம் வரும்.

அதன்பின் செய்யும் வேலைகளில் விரைவும் மென்மையும் வேண்டும். மீனை நீரினின்று நெடுநேரம் வெளியே வைத்திருத்தல் ஆகாது. முள்ளை எடுத்து, எடைபார்த்து, ஒரு படம் எடுத்தவுடன் மீண்டும் நீருக்குள் கொண்டுசெல்வர். அதன் தலையை நீரோட்டத்திற்கு எதிராகத் திருப்பி இரு கைகளாலும் தாங்கிக்கொள்வர். செவுள்களின் வழியே நீர் பாயப் பாய மீனுக்கு வலிமை திரும்பும். வாலை ஒருமுறை வீசி அது மடுவிற்குள் மறையும். கையில் மீனின்றி, நனைந்த உடையுடன் நண்பர்கள் முகாமுக்குத் திரும்புவர்.

அங்கே இன்னொரு வேலை எஞ்சியிருக்கும். முகாமில் ஒரு குறிப்பேடு உண்டு. அதில் நாள், தூண்டிலிட்ட நேரம், கிடைத்த மீன்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் எடை, தோற்றம் ஆகியவற்றை எழுத வேண்டும். எழுதியவர்கள் அறிவியலாளர் அல்லர். தாம் பிடித்த மீனின் நினைவு அழியாதிருக்கவே பலரும் எழுதினர்.

குறிப்பேடு சொன்ன செய்தி

காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை இவ்வாறு எழுதப்பட்ட குறிப்புகளை மீனியல் ஆய்வாளர்கள் பின்னர் ஒன்றுதிரட்டினர். 23,000 மணி நேரத்திற்கும் மேலாகத் தூண்டிலிட்டு, 6,000க்கும் மேற்பட்ட மகசீர்களைப் பிடித்து விடுவித்த பதிவுகள் அவற்றில் இருந்தன. ஆழமும் வேகமும் மிகுந்த இத்தகைய ஆற்றில் வலையிட்டு மீன்களை எண்ணுவது எளிதன்று. ஆகவே அக்குறிப்பேடுகள் ஆய்வாளருக்குப் பெருஞ்செல்வமாயின.

அவற்றில் மிகவும் பயன்பட்டது தூண்டிலிட்ட நேரம். ஓராண்டில் நூறு மீன்கள், மறு ஆண்டில் இருநூறு மீன்கள் கிடைத்தன எனக் கொள்வோம். ஆற்றில் மீன் பெருகிவிட்டது என்று கூறலாமா? மறு ஆண்டில் இருமடங்கு நேரம் தூண்டிலிட்டிருந்தால், ஆற்றில் மாற்றம் ஏதுமில்லை என்பதே பொருள். ஒரு மணி நேரத்திற்கு எத்தனை மீன் என்று கணக்கிட்டால்தான் உண்மை விளங்கும்.

அவ்வாறு கணக்கிட்டபோது, மகசீர்களின் எண்ணிக்கை மொத்தத்தில் பெருகியிருந்தது. பிடித்த மீனை விடுவித்ததும், வெடியை ஒழித்துக் காவல் காத்ததும் பயன் தந்தன என்று மகிழ இடமிருந்தது. ஆனால் நிறத்தையும் தோற்றத்தையும் கொண்டு மீன்களைப் பிரித்துப் பார்த்தபோது வேறொரு செய்தி வெளிப்பட்டது. பெருகியவை நீலத்துடுப்பு மகசீர்கள். திமில் மகசீர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தன.

மேலும் ஒரு செய்தி ஆய்வாளரைக் கவலைக்குள்ளாக்கியது. கிடைத்த சில திமில் மகசீர்களின் எடை ஆண்டுக்கு ஆண்டு கூடியது. பெரிய மீன் கிடைத்தால் தூண்டிலிடுவோர் மகிழ்வர். ஆய்வாளரோ, சிறிய மீன்கள் எங்கே என்று கேட்டனர். ஓர் ஊரில் முதியோர் மட்டுமே இருந்து, தெருவில் விளையாடக் குழந்தைகள் இல்லையெனில் அவ்வூரின் வருங்காலம் என்னாகும்? ஆற்றில் முதிய மீன்களே எஞ்சியிருந்தன. புதிய தலைமுறை தோன்றவில்லை.

லோணாவளாவிலிருந்து வந்த குஞ்சுகள்

நீலத்துடுப்பு மகசீர் காவிரிக்கு எவ்வாறு வந்தது? அதற்கு விடை புனே மாவட்டத்தில் உள்ளது.

லோணாவளாவில் வல்வன் என்னும் நீர்த்தேக்கம் உண்டு. மலைமேல் தேக்கிய நீரைக் கீழே கோப்போலிக்கு இறக்கி மின்னாற்றல் ஆக்குவதற்காக டாட்டா நிறுவனம் அமைத்த ஏரிகளுள் அதுவும் ஒன்று. மகாராட்டிர ஆறுகளில் மகசீர் குறைந்து வருவதைக் கண்ட மீனியலாளர், 1970களில் அங்கே மீன்பண்ணை ஒன்றை நடத்தினர். முதிர்ந்த பெண்மீனின் வயிற்றை மெல்ல வருடி முட்டைகளை எடுத்து, ஆண்மீனின் விந்துடன் சேர்த்து, ஓடும் நீரில் தட்டுகளில் பரப்பிக் காத்தனர். மூன்று, நான்கு நாள்களில் குஞ்சுகள் வெளிவந்தன. இயற்கையில் வெள்ளமும் பகைமீன்களும் அழித்துவிடும் குஞ்சுகள் பண்ணையில் பிழைத்தன. முளா-முட்டா ஆற்றில் முதன்முதலாக அறியப்பட்ட மீனினத்தைப் புனே மாவட்டத்திலேயே இவ்வாறு வளர்த்தெடுத்தது பாராட்டுக்குரிய பணி.

அங்கு வளர்ந்த குஞ்சுகள் பிற மாநில ஆறுகளுக்கும் அனுப்பப்பட்டன. காவிரியிலும் விடப்பட்டன. மகசீர் அழிகிறது, ஆகவே மகசீரைப் பெருக்குவோம் என்பதே அனைவரின் எண்ணமும். அவ்வெண்ணத்தில் தீமை சிறிதும் இல்லை. ஆனால் மகசீர் என்பது பொதுப்பெயர். நீலத்துடுப்பு மகசீர், திமில் மகசீர் என்பன சிறப்புப்பெயர்கள். பொதுப்பெயரை மட்டும் எண்ணியதால் இரண்டு மீன்களும் ஒன்றே எனத் தோன்றின. உதவி ஒரு மீனுக்கு வேண்டியிருந்தது. அது வேறொரு மீனுக்குச் சென்றது.

புதிதாக வந்த மீன் காவிரியில் நன்கு பெருகியது. இடத்திற்கும் இரைக்கும் ஏற்பட்ட போட்டியில் திமில் மகசீர் பின்தங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அணைகள், மணல் அள்ளுதல், கோடையில் நீர் குறைதல், வெடி ஆகியனவும் அதன் அழிவுக்குக் காரணங்கள். குற்றம் நீலத்துடுப்பு மகசீரின்மீது இல்லை. அது தானாக வழிதேடி வரவில்லை. மனிதர் கொண்டுவந்து விட்டனர். மனிதர் தொழிலுக்காக ஊர்விட்டு ஊர் செல்வதையும் இதையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது. மனிதர் எங்குச் சென்றாலும் ஒரே இனத்தவர். சென்ற இடத்து மொழியைக் கற்று, அங்குள்ளாரோடு பகிர்ந்து வாழ அறிந்தவர். இவ்விரண்டு மகசீர்களோ ஆறுகளால் நெடுங்காலம் பிரிந்து வளர்ந்த வெவ்வேறு இனங்கள்.

பெயர் பெற்ற மீன்

இவ்வளவு புகழ்பெற்ற திமில் மகசீருக்கு உறுதியான அறிவியற்பெயர் நெடுங்காலமாக இல்லை. தூண்டிலிடுவோர் நூற்றாண்டுக்கும் மேலாக அதனை அறிந்திருந்தனர், படம் எடுத்தனர், நூல்களில் எழுதினர். ஆயினும் அது இன்ன இனம் என்று அறுதியிட்டவர் இல்லை. பெயர் இல்லாத உயிரை அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்ப்பது கடினம். பட்டியலில் இல்லாததைக் காக்கத் திட்டம் வகுப்பதும் கடினம்.

2007ஆம் ஆண்டில் கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த ஒரு மகசீருக்கு, இந்திய விலங்கியல் அளவைத் துறையின் மீனியலாளர் ரெமாதேவியின் பெயரால் ‘டோர் ரெமாதேவி’ என்று பெயரிட்டிருந்தனர். பாம்பாறு அமராவதியில் சேரும் ஆறு. அமராவதி கரூருக்கு அருகே காவிரியில் சேர்கிறது. காவிரியின் திமில் மகசீரும் அம்மீனும் ஒரே இனம் என்று 2018ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் நிறுவினர். நீலகிரி மலையடியில் ஓடிப் பவானியில் கலக்கும் மோயாற்றில் அம்மீன் இன்னும் வாழ்வதும் அவ்வாய்வில் தெரிந்தது. அவ்வாண்டே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை மிகவும் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது.

இதற்கிடையே காலிபோரில் தூண்டிலிடுதல் நின்றுவிட்டது. அப்பகுதி காவிரி வனவுயிர்ப் புகலிடத்திற்குள் உள்ளது. புகலிடத்தில் விலங்குகளைப் பிடித்தலைத் தடுக்கும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தூண்டிலுக்கும் பொருந்தும் என்று அரசு முடிவு செய்தது. முள் குத்துவதும் நீரினின்று எடுப்பதும் மீனுக்குத் துன்பமே என்பார் கூற்றில் நேர்மை உண்டு. பரிசலும் வழிகாட்டியும் நாள்தோறும் ஆற்றில் இருந்தமையால் வெடிவீசுவோர் அஞ்சினர். அவர்கள் அகன்றபின் ஆற்றைக் காண்பார் யார் என்று கேட்போர் கூற்றிலும் நேர்மை உண்டு. இரு சாராரும் மறுக்க இயலாதது ஒன்று. பரிசல்கள் நின்றபோது குறிப்பேடும் நின்றது. 2012க்குப் பின் அந்த மடுக்களில் எந்த மீன் எத்தனை என்பதைக் கூற அத்தகைய நாள்வழிப் பதிவு இல்லை.

மோயாற்றில் எஞ்சியுள்ள திமில் மகசீர்களை இனி எவ்வாறு பெருக்குவது என்று அறிஞர்கள் ஆராய்கின்றனர். லோணாவளாவில் கண்டறிந்த வளர்ப்பு முறை அதற்கும் வழிகாட்டக்கூடும். இம்முறை வளர்க்கப்படும் குஞ்சு எந்த ஆற்றுக்கு உரியது என்று முதலில் அறிந்து செய்ய வேண்டும்.

சொற்பொருள்

மடு – ஆற்றில் ஆழமான நீர்நிலை
திமில் – காளையின் முதுகில் உயர்ந்த பகுதி
பிளாச்சு – மூங்கிலைப் பிளந்த பட்டை
செவுள் – மீன் மூச்சுவிடும் உறுப்பு
நரம்பு – தூண்டிலில் கட்டும் உறுதியான இழை
புகலிடம் – உயிர்களைக் காக்க ஒதுக்கிய இடம்
அறுதியிடுதல் – முடிவாக உறுதி செய்தல்

மதிப்பீடு

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. முளா-முட்டா ஆறு ………… ஆற்றில் கலக்கிறது.
2. நீலத்துடுப்பு மகசீர் அறிவியல் உலகிற்கு அறிமுகமான ஆண்டு ………….
3. மகசீருக்குப் பற்கள் ………… உள்ளே அமைந்துள்ளன.
4. திமில் மகசீர் இன்றும் வாழும் நீலகிரி மலையடி ஆறு ………….

ஆ. பொருத்துக.
1. வல்வன் – மூங்கிற் படகு
2. பரிசல் – காவிரிக்கரை முகாம்
3. காலிபோர் – அமராவதியின் துணையாறு
4. பாம்பாறு – லோணாவளா நீர்த்தேக்கம்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கேழ்வரகு உருண்டையை இரையாகப் பயன்படுத்தியது ஏன்?
2. பிடித்த மீனை விடுவிக்கும்போது அதன் தலையை நீரோட்டத்திற்கு எதிராகத் திருப்புவது ஏன்?
3. குறிப்பேட்டில் எழுதப்பட்ட செய்திகள் யாவை?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. திமில் மகசீர்களின் எடை கூடியது ஆய்வாளருக்குக் கவலை தந்தது ஏன்?
2. காவிரியில் நீலத்துடுப்பு மகசீரை விட்டவர்களின் நோக்கம் யாது? அதனால் நேர்ந்தது யாது?

உ. கலந்துரையாடுக.
வனவுயிர்ப் புகலிடத்தில் தூண்டிலிடுதலை அனுமதிக்கலாமா? இரண்டு குழுக்களாகப் பிரிந்து, பாடத்திலுள்ள செய்திகளைச் சான்றாகக் கொண்டு உரையாடுக.

ஊ. மொழித்திறன்
பலவற்றுக்கும் பொதுவாக வழங்கும் பெயர் பொதுப்பெயர். அவற்றுள் ஒன்றை மட்டும் சிறப்பாகக் குறிக்கும் பெயர் சிறப்புப்பெயர்.
எடுத்துக்காட்டு: ஆறு – பொதுப்பெயர், காவிரி – சிறப்புப்பெயர்.
கீழ்வருவனவற்றைப் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் எனப் பிரித்து எழுதுக:
மரம், மோயாறு, மீன், மருதம், ஊர், லோணாவளா, கயல், மாதம், தை.

எ. கற்பவை கற்றபின்
1. தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் அவர்கள் ஊரின் ஆறு, குளங்களில் இருந்த மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதுக. அம்மீன்களுள் புனேவில் கிடைப்பவை இருந்தால், அவற்றின் மராத்திப் பெயரை மீன் விற்பவரிடம் கேட்டு எதிரே எழுதுக.
2. பெரியவர் ஒருவர் துணையுடன், ஒரே பாலத்தில் ஒரே நேரத்தில் ஏழு நாள்கள் நின்று ஆற்றைக் காண்க. நாள், நேரம், நீரின் நிறம், கண்ட பறவைகள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. எதுவும் காணாத நாளில் ‘எதுவும் காணவில்லை’ என்று எழுதுக. அதுவும் ஒரு பதிவே.